916-ம் இல்லை, கவரிங்கும் இல்லை... ராயபுரம் வீட்டின் ராணி காலத்துக் கம்மல்!

'பொண்ணுக்கு எத்தனை சவரன் போடுறாங்க?' இந்தக் கேள்வி கேட்கப்படாத தமிழ்க் கல்யாணம் உண்டா? அந்தச் சவரன் யார் என்று கேட்டால்தான் பலரும் யோசிப்பார்கள்.

சவரன் என்பது இங்கிலாந்தின் தங்கக் காசு. 'சாவரின்' என்ற அதன் பெயரை நம் நாக்கு 'சவரன்' ஆக்கிக்கொண்டது. ஒரு பவுண்டு மதிப்புள்ள காசு என்பதால் 'பவுன்' என்றும் பெயர் வந்தது. 1817-ல் இருந்து அச்சான அந்தக் காசின் எடை 7.98 கிராம், தரம் 22 கேரட். நம் கடைகளில் ஒரு சவரன் 8 கிராம் ஆனதும், '916' தங்கம்தான் நகைக்குச் சரியானது என்ற எண்ணம் ஊறிப்போனதும் இந்தக் காசோடு சேர்ந்து வந்த கதைதான்.

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டவர். அவர் முகம் பதித்த சவரன்கள் மூன்று விதம். ரிப்பன் கட்டிய இளம்பெண் முகம் 1838-ல் தொடங்கி 1887 வரை வந்தது. சின்னக் கிரீடமும் முக்காடும் போட்ட முகம் 1887-ல் வந்தது. முக்காடிட்ட முதிய முகம் 1893-ல் வந்தது. பாட்டி வீட்டுக் காசுமாலையில் இந்த மூன்றில் ஒன்று கோத்திருந்தால், அது எந்தக் காலத்துக் காசு என்று முகத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

காசைக் கண்டுபிடிப்பது சுலபம். 'ராணி காலத்து நகை' என்று சொல்லி வைத்திருக்கும் கம்மலும் ப்ரூச்சும்தான் சிக்கல். அவற்றில் முகமும் இருக்காது, வருடமும் இருக்காது. போதாக்குறைக்கு, நாம் எதிர்பார்க்கும் தரமும் இருக்காது. அப்படி ஒரு ஜோடிக் கம்மலால், ராயபுரத்தில் ஒரு அக்காவும் தம்பியும் சில வாரங்கள் பேசாமலேயே இருந்தார்கள்.

ஆயாவுக்கு வந்த கம்மல்

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கல்மண்டபம் பக்கம் வீடு, வீட்டிலேயே தையல் வேலை. தம்பி காசிமேட்டில் ஒரு விசைப்படகில் பங்குக்காரர். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போன பிறகு, அம்மாவின் சுருக்குப் பையில் இருந்த கம்மல் அக்காவின் பீரோவுக்கு வந்தது. 'இது ரெண்டு பேருக்கும் பொது' என்று அப்போதே பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. அக்கா தம்பிக்குள் எதற்கு எழுத்து?

அந்தக் கம்மல் முதலில் அவர்களுடைய பாட்டியுடையது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்த வருடம் ஜூலை 1-ம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. ரயில்வே வந்த இடத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. அப்படி ஒரு வீட்டில் பாட்டி ஆயா வேலை பார்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் கப்பலேறியபோது, வீட்டம்மா தன் காதில் கிடந்ததைக் கழற்றிப் பாட்டி கையில் வைத்தாராம். 'எங்க பாட்டி போட்டிருந்தது' என்று சொன்னாராம். குடும்பத்தில் சொல்லிவரும் கதை இவ்வளவுதான்.

கம்மல் நீளமானது. மேலே சின்னப் பூ, அதிலிருந்து தொங்கும் நீள்வட்டத் துளி, ஓரமெங்கும் கடுகைவிடச் சிறிய மணிகள். பார்த்தால் ஒன்றரை சவரன் என்று தோன்றும். எடை போட்டால் ஜோடியும் சேர்த்து 6 கிராம், அதாவது முக்கால் சவரன். கல் எதுவும் பதிக்காத தங்கம்.

தடைக்காலம் என்றால் அடகுக் காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கும் காலம். படகைப் பழுது பார்ப்பதும் இந்த நாள்களில்தான். வருமானம் நின்றிருக்கும், செலவு வரிசையாக நிற்கும். காசிமேடு, ராயபுரம் வீடுகளில் காதும் கழுத்தும் வெறுமையாகிற மாதங்கள் இவை. ஜூன் பாதிக்கு மேல் படகு போய் வந்தால்தான் நகை திரும்பும். திருப்ப முடியாமல் தவணை தாண்டினால், 'மூழ்கிப்போச்சு' என்பார்கள். கடல் பக்கத்து ஊரில் அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

அன்றும் இன்ஜின் வேலைக்குப் பணம் குறைந்தது. தம்பி தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அம்மா கம்மல வித்துடலாமாக்கா? ஆளுக்குப் பாதி. ஒன் பங்கையும் கடனாக் குடு, சீசன்ல தந்துடுறேன்."

அக்கா சரி என்றார். தங்கம் விலை ஏறிக்கிடக்கும் நேரம், முக்கால் சவரனுக்கு நல்ல தொகையே வரும். இருவரும் சேர்ந்தே நகைக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கம்மலின் துளியைக் கேரட் மீட்டருக்குள் வைத்தார். திரையில் 62 சொச்சம் சதவிகிதம் என்று வந்தது.

"இது 22 கேரட் இல்லம்மா, 15 கேரட்தான் வருது. உருக்கினா இன்னும் குறையும்."

தம்பி அக்காவைப் பார்த்தார். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அம்மா இருக்கும்போது வெச்ச அடகுச் சீட்டுல 22 கேரட்னு போட்டிருந்துச்சு. நானே படிச்சேன். இப்ப எப்பிடிக்கா 15 ஆச்சு?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. கம்மல் அம்மாவுக்குப் பிறகு அக்காவின் பீரோவில்தான் இருந்தது. அசல் எங்கே போனது என்று தம்பி வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அக்காவால் பதில் சொல்லவும் முடியவில்லை. தம்பி இன்ஜின் வேலையை அரைகுறையாக நிறுத்திவிட்டார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருபவர், வரவில்லை.

தரம் குறைந்தது ஏன்?

மட்டமான தங்கம் என்றால் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் 15 கேரட் என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட தரம்.

அந்தக் காலத்தில் நகை வாங்கும் கூட்டம் திடீரெனப் பெருகியது. தொழிற்சாலைகள் வந்து நடுத்தரக் குடும்பங்களின் கையில் காசு புழங்கியது. 1848-ல் கலிஃபோர்னியாவிலும் 1851-ல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டுச் சந்தைக்குக் குவிந்தது. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் நகை வேண்டும். 1854-ல் பிரிட்டனில் 15, 12, 9 கேரட் தங்கத்துக்கும் முத்திரை போட அனுமதி வந்தது. 15 கேரட் என்றால் 24 பங்கில் 15 பங்கு தங்கம். சதவிகிதத்தில் 62.5. நகைக்கடைத் திரையில் வந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுதான்.

15, 12 கேரட் தரங்களை 1932-ல் கைவிட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக 14 கேரட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே, ஒரு பிரிட்டிஷ் நகையில் 15 என்ற முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் 1854-க்கும் 1932-க்கும் இடையில் செய்தது. 22 கேரட்டாக இருந்திருந்தால் இந்தத் துப்பு கிடைத்தே இருக்காது.

தரம் குறைந்த தங்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. 22 கேரட் மென்மையானது, சீக்கிரம் நெளியும். செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்த 15 கேரட் விறைப்பாக நிற்கும். மெல்லிய தகட்டை உள்ளே வெற்றிடமாக வளைத்துப் பெரிய துளியாகச் செய்ய அது தோதானது. கண்ணுக்கு ஒன்றரை சவரனாகத் தெரிந்து, தராசில் 6 கிராம் நிற்பதன் ரகசியம் இதுதான்.

குறைந்த கேரட் நமக்கும் புதிதல்ல. 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று இந்திய அரசே சொன்னது. பொற்கொல்லர்கள் பலர் தொழிலை இழந்தார்கள். 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் நீக்கப்பட்டது. இப்போது விலை ஏற்றத்தால் 9 கேரட் நகைக்கும் 2025-ல் இந்தியாவில் ஹால்மார்க் வந்துவிட்டது. இங்கிலாந்து 1854-ல் போட்ட கணக்கை நாம் இப்போது போடுகிறோம்.

காது சொல்லும் காலம்

விக்டோரியா காலம் 63 வருடங்கள் நீண்டது. அத்தனை வருடமும் ஒரே மாதிரி நகை போட்டிருப்பார்களா?

1840-களில் அங்கே பெண்கள் தலைமுடியைக் காதை மூடிப் படிய வாரினார்கள். மறைந்த காதுக்குக் கம்மல் எதற்கு? கம்மல் மோகம் குறைந்தது. பிறகு கொண்டை மேலே ஏற, காதும் கழுத்தும் வெளியே தெரிந்தன. 1860, 70-களில் தோள் நோக்கித் தொங்கும் நீளக் கம்மல்களுக்குக் கொண்டாட்டம். நூற்றாண்டின் கடைசியில் சட்டைக் கழுத்து உயர்ந்ததும், நீளக் கம்மல் அதில் இடித்தது. சின்னப் பொட்டுக் கம்மல்கள் வந்தன.

ராணியின் சொந்த வாழ்க்கையும் நகைக்கடைக்குள் நுழைந்தது. இளவரசர் ஆல்பர்ட் அவருக்குக் கொடுத்த நிச்சய மோதிரம், மரகதம் பதித்த பாம்பு வடிவம். பாம்பு நகை அங்கே காதலின் அடையாளமானது. 1861 டிசம்பரில் ஆல்பர்ட் இறந்தார். அதன்பிறகு ராணி தன் கடைசிக் காலம் வரை கறுப்பு உடுத்தினார். நாடே கறுப்பு நகைக்கு மாறியது. விட்பி என்ற கடலோர ஊரில் கிடைத்த 'ஜெட்' என்ற கறுப்புப் பொருளில் கம்மலும் மாலையும் செய்தார்கள். இறந்தவரின் தலைமுடியைப் பின்னி லாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் துக்கம் வந்தால் பெண்ணின் நகையைக் கழற்றச் சொன்ன அதே காலத்தில், அங்கே துக்கத்துக்கென்றே தனி நகை போட்டார்கள்.

மகள்கள் இன்று ஆன்லைனில் தேடும் 'விக்டோரியன் பாலிஷ்' செட்டுக்கும் இந்தக் காலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. வெள்ளைக் கல் ஜொலிக்க, ஓரம் மட்டும் புகை படிந்ததுபோலக் கறுத்திருக்கும் அல்லவா? அப்போது வைரத்தை முன்பக்கம் வெள்ளியிலும், பின்பக்கம் தங்கத்திலும் கட்டினார்கள். கல்லின் வெண்மையை மஞ்சள் தங்கம் கெடுக்கும் என்பது காரணம். காலப்போக்கில் வெள்ளி கறுத்தது. அந்தக் கறுப்பைத்தான் இன்று முலாம் பூசி உண்டாக்குகிறார்கள். ஆகவே 'விக்டோரியன்' என்ற பெயரைக் கேட்டதும் பழைய நகை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது புது நகையின் பாணிப் பெயர் மட்டுமே.

சென்னையில் இருந்தும் போனது

இது ஒருவழிப் பாதை இல்லை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் தொடங்கிய பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தை இன்று கடிகாரக் கடையாகத்தான் பலருக்கும் தெரியும். அன்று அவர்களுடைய நகையும் வெள்ளிப் பாத்திரங்களும் பெயர்பெற்றவை. நம் கோயில் தெய்வங்களின் உருவங்களைத் தட்டி எடுத்துச் செய்த நகைகளை வெள்ளைக்காரர்கள் 'சுவாமி ஜுவல்லரி' என்றார்கள். வளையல், ப்ரூச், கம்மல் என்று எல்லாவற்றிலும் தெய்வங்கள்! விக்டோரியாவின் மகன், வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்து போனார். அவர் இந்தியாவில் இருந்து கொண்டுபோன பரிசுகள் மறுவருடம் லண்டன் சவுத் கென்சிங்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. இந்திய நகை மோகம் அங்கே இன்னும் கூடியது.

அதே காலத்தில் நம் தெற்கத்திப் பெண்கள் தோள் தொடும் காதுகளில் பாம்படமும் தண்டட்டியும் போட்டிருந்தார்கள். அவை ஆங்கிலக் கம்மலைப்போலவே வடிவத்தில் பெரியவை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய கம்மல் பெரும்பாலும் வளைந்த கொக்கியில் தொங்கும். நம் தோடும் கம்மலும் திருகாணியில் நிற்கும். அக்கா தம்பி சண்டைக்கு முடிவு இருந்ததும் இந்தத் திருகாணியில்தான்.

பத்தரின் கண்ணாடிக்கு அடியில்

அக்காவின் மகள் கல்லூரி மாணவி. வீட்டில் கனத்துக் கிடந்த மௌனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கம்மலை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது, துளியின் பின்பக்கம் '15' என்ற எண்ணும், பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்துகளும் தெரிந்தன. இணையத்தில் தேடி, 15 கேரட் என்று ஒரு காலத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். ஆனால் அடகுச் சீட்டில் 22 எப்படி வந்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு நகைகளுக்குப் பற்றவைத்துத் தரும் பத்தர் ஒருவர் இருக்கிறார். மாமாவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். தம்பி வந்தார். அக்காவைப் பார்க்காமல் மருமகளோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

பத்தர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தை விட்டுவிட்டு, காதுக்குள் போகும் தண்டிலேயே வெகுநேரம் நின்றார்.

"இந்தத் திருகாணி இதோட பொறந்தது இல்லம்மா. முன்னாடி கொக்கி இருந்திருக்கு. வெட்டிட்டு, நம்ம ஊரு ஆசாரி யாரோ திருகு வெச்சிருக்காங்க. பொடி வெச்சு ஊதுன தடம் தெரியுது பாரு. நிறம்கூட வேற."

மூவரும் லென்ஸில் பார்த்தார்கள். துளியின் மஞ்சள் கொஞ்சம் செம்மையாக, மங்கலாக இருந்தது. திருகாணியும் தண்டும் பளிச்சென்ற மஞ்சள்.

உரைகல்லை எடுத்தார். தண்டை ஒரு கோடு, துளியின் ஓரத்தை ஒரு கோடு. திராவகம் பட்டதும் இரண்டாவது கோடு சட்டென்று மங்கியது. முதல் கோடு அப்படியே நின்றது.

"திருகு 22. கம்மல் 15. அடகுக் கடையில பூ வேலைப்பாட்டைக் கல்லுல தேய்ச்சுக் கெடுக்க மாட்டாங்க. வெளிய தெரியாத தண்டைத்தான் தேய்ப்பாங்க. தேய்ச்சது 22-னா சீட்டுல 22-னுதான் எழுதுவாங்க."

பாட்டிக்குக் கொக்கி பழக்கமில்லை. கடலோரத்து வேலையில், குழந்தை இழுத்தால் கழன்று விழும் கொக்கியை நம்பவும் முடியாது. திருகாணி மாற்றியவர் பாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. தம்பிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு அந்தத் திருகாணியைத்தான் திருகிக்கொண்டே இருப்பாராம். "துளி ஒரு கலரு, திருகு ஒரு கலருனு அப்பவே கேட்டிருக்கேன். அம்மா 'அழுக்குடா'னு சொல்லும்" என்றார்.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பத்தருக்குக் கொடுக்க வேண்டிய காசை அவரே கொடுத்தார். வெளியே வந்ததும், "ஞாயித்துக்கிழமை இன்னா கொழம்பு?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நீ வாங்கினு வர்றதுதான்" என்றார் அக்கா.

கணக்கு எப்படி?

உணர்ச்சி ஒருபுறம் இருக்க, கணக்கையும் பார்த்துவிடுவோம். 6 கிராமில் 62.5 சதவிகிதம் என்றால் சுத்தத் தங்கம் 3.75 கிராம். அதை 22 கேரட்டுக்கு மாற்றினால் சுமார் 4.1 கிராம். அதாவது, முக்கால் சவரன் என்று நினைத்தது அரை சவரனுக்குக் கொஞ்சம் மேல். உருக்கினால் பற்றுப்பொடிக் கழிவும் போகும். ஆளுக்கு இரண்டு கிராம் பெறுவதற்காக நூறு வருடத்து வேலைப்பாடு போய்விடும். அடகு வைத்தாலும் தரத்துக்கு ஏற்பத்தான் கடன். வங்கிகளும் 22 கேரட் விலையை அடிப்படையாக வைத்து, குறைந்த தரத்தை அதற்கேற்பக் குறைத்துத்தான் மதிப்பிடுகின்றன.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் பழைமைக்காக அதிகம் கிடைக்கும் என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். அதில் சட்டச் சிக்கல் உண்டு. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரக்கூடும். அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தவிர, கொக்கியை வெட்டித் திருகாணி வைத்த கம்மலுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நகை இருக்கலாம். சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

- நகையின் பின்பக்கம், கொக்கி, ஓரங்களில் எண் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். 15, 9 போன்ற எண்கள் குறையல்ல, துப்பு.

- தரம் பார்க்கும்போது ஒரே இடத்தில் மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். பழைய நகையில் திருகாணி, வளையம், கொக்கி எல்லாம் பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம். பி.ஐ.எஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களில் சிறு கட்டணத்துக்குப் பரிசோதித்து அறிக்கை வாங்கலாம்.

- பார்த்து முடிவெடுக்கும் வரை மெருகு போடக் கொடுக்காதீர்கள். மெருகில் முத்திரையும் நுண்ணிய மணிகளும் தேய்ந்துவிடும்.

- முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் படமெடுத்து, எடையைக் குறித்து, பங்குள்ள எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள்.

- 'அம்மா நகை பெண்ணுக்கு' என்பது வழக்கம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 15-வது பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்து மகன், மகள், கணவர் மூவருக்கும் முதலில் சமமாகப் போகிறது. பேச வேண்டியதை நகை பீரோவுக்குள் போவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

கடைசியில் என்ன ஆனது?

இன்ஜின் வேலை காத்திருந்தது. கம்மலை விற்கவில்லை. அடகு வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தொகைதான் வந்தது. மீதிக்கு அக்கா தன் சீட்டுப் பணத்தில் இருந்து கொடுத்தார். தம்பி வேண்டாமென்றுதான் சொன்னார். ஆனால் தடைக்காலம் முடிய அப்போது மூன்று வாரம்தான் பாக்கி.

கடைக்காரர் வழக்கம்போலத் தண்டைத் தேய்க்கப் போனபோது, அக்கா தடுத்து, "துளியத் தேய்ச்சுப் பாருங்க, பின்னாடி ஓரமா" என்றார். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். சீட்டில் 'கம்மல் 1 ஜோடி, 6 கிராம், 15 கேரட்' என்று எழுதினார். அந்தச் சீட்டை மகள் படமெடுத்து, மாமாவின் போனுக்கு அனுப்பினாள்.

ஜூன் பாதியில் படகு கிளம்பியது. ஆடி பிறப்பதற்கு முன்பே கம்மல் வீடு திரும்பிவிட்டது. இப்போதும் அது அக்காவின் பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பீரோவின் இன்னொரு சாவி தம்பி வீட்டில் இருக்கிறது. சாவியைக் கொடுத்தது அக்கா. அவர் கேட்டு வாங்கவில்லை.